கேட்டில் மோதிய கார்: ‘பேபி ஜேன்’ படத்தில் பயம் கட்டப்பட்ட விதம்

இரவு நேரம். பெரிய பங்களாவின் இரும்பு கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நிற்கிறது. காரில் இரண்டு பெண்கள். ஒருத்தி இறங்கிப் போய் கேட்டைத் திறக்கிறாள், இன்னொருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கேமரா பெடலை மிதிக்கும் காலைக் காட்டுகிறது, கேட்டருகே நிற்பவளின் உடையைக் காட்டுகிறது. முகத்தை மட்டும் ஒரு தடவைகூடக் காட்டவில்லை. கார் பாய்கிறது, மோதும் சத்தம், அலறல், தரையில் உடைந்து கிடக்கும் ஒரு பொம்மைத் தலை. அதற்குப் பிறகுதான் டைட்டில் ஓடுகிறது.

ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி 1962-ல் வெளிவந்த ‘வாட் எவர் ஹாப்பண்ட் டு பேபி ஜேன்?’ படத்தின் மொத்தச் சூட்சுமமும் இந்தச் சில ஷாட்டுகளில் இருக்கிறது. காரில் இருந்தது ஜேன், பிளான்ச் என்ற சகோதரிகள். காரை ஓட்டியது யார், நசுங்கியது யார் என்று படம் நமக்குச் சொல்லவே இல்லை. அடுத்த இரண்டு மணி நேரம் படத்தில் வரும் எல்லோரும் ஜேன்தான் ஓட்டினாள் என்று பேசுகிறார்கள். நாமும் நம்பிவிடுகிறோம். கடைசிக் காட்சியில் உண்மை வெளிவரும்போது இயக்குநர் ஏமாற்றிவிட்டார் என்று யாராலும் புகார் சொல்ல முடியாது. அவர் பொய் காட்டவில்லை. நாமாகத்தான் அந்தக் கால்களுக்கு ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டோம்.

(முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

இந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு ஜேனாக நடித்த பெட்டி டேவிஸுக்கும் பிளான்ச்சாக நடித்த ஜோன் கிராஃபோர்டுக்கும் நிஜத்தில் இருந்த பகைக்குத் தாவிவிடுகிறது. யார் யாரை உதைத்தார், யார் யாரைப் பழிவாங்கினார் என்று நூறு கதைகள் உண்டு. ஆளுக்கு ஆள் விவரம் மாறும் கதைகள் அவை. பகை இருந்தது உண்மை. ஆனால் இரண்டு நடிகைகளுக்குள் ஆகவில்லை என்பதால் மட்டும் ஒரு படம் அறுபது வருஷம் தாங்காது. தாங்க வைத்தது அதன் கட்டுமானம். ஒரு வீடு, அதில் ஒரு மாடிப்படி, வெளியே போகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும் ஒழுங்கு. அதைத்தான் பார்க்க வேண்டும்.

கதை 1917-ல் தொடங்குகிறது. வாட்வில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலம். பேபி ஜேன் ஹட்சன் என்ற சிறுமி தங்கநிறச் சுருள்முடியும் வெள்ளைக் கவுனுமாக மேடையில் ஆடிப் பாடுகிறாள். இறந்துபோன அப்பாவுக்கு ஒரு குழந்தை கடிதம் எழுதுவதாக வரும் பாட்டு அது. அவளுடைய அப்பாவே பியானோ வாசிக்கிறார். அவள் உயரத்துக்கே செய்த பொம்மைகள் அரங்கின் வாசலில் விற்பனைக்கு இருக்கின்றன. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைப் பின்வாசலில் ஜேன் ஐஸ்கிரீம் கேட்டு அடம் பிடிக்கிறாள். அப்பா மறுத்ததும், சம்பாதிப்பது நான், எனக்கு வேண்டியது கிடைத்தே ஆக வேண்டும் என்று ஜனங்கள் முன்னாலேயே கத்துகிறாள். அப்பா அடங்கிப் போகிறார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பிளான்ச்சிடம் அம்மா சொல்கிறாள்: பிற்காலத்தில் நீ பெரிய ஆளாகும்போது ஜேனும் அப்பாவும் உன்னை நடத்துகிறதைவிட நீ அவர்களை நன்றாக நடத்தணும். மறக்க மாட்டேன் என்கிறாள் பிளான்ச். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிறுமி சொல்லும் விதத்தைக் கவனித்தால் படத்தின் முடிவு அங்கேயே இருப்பது தெரியும்.

குழந்தை நட்சத்திரங்களின் பணம் பெற்றோர் கையில் கரைந்த காலம் அது. சார்லி சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியம் போன இடம் கேட்டுத் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குப் போட்டார். அதன் விளைவாகத்தான் குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியே பாதுகாக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் 1939-ல் வந்தது. ஜேனுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. பிற்காலத்தில் வீடு, செலவு, சாராயம் எல்லாமே பிளான்ச்சின் பணம். சின்ன வயதில் குடும்பத்துக்கே சோறு போட்டவள் சகோதரியின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டு செக் மாற்றும் நிலைக்கு வருகிறாள்.

அடுத்து 1935. இப்போது பிளான்ச் ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரம், ஜேன் யாரும் சீந்தாத நடிகை. தனக்கு ஒரு படம் எடுத்தால் ஜேனுக்கும் ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்று பிளான்ச் தன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறாள். ஸ்டூடியோ ஆட்கள் இருவர் ஜேன் நடித்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து நொந்துகொள்கிறார்கள். திரையில் ஓடுவது பெட்டி டேவிஸே 1933-ல் நடித்த ‘பாராசூட் ஜம்பர்’, ‘எக்ஸ்-லேடி’ ஆகிய இரண்டு படங்களின் துண்டுகள். இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒரு நடிகை, தன்னுடைய பழைய படத்தையே மட்டமான நடிப்புக்கு உதாரணமாகக் காட்டச் சம்மதித்திருக்கிறார். அதற்குத் துணிச்சல் வேண்டும். பல வருஷம் கழித்து, கதையின் நிகழ்காலத்தில், பிளான்ச்சின் பழைய படமாக டிவியில் வருவது கிராஃபோர்டு 1934-ல் நடித்த ‘சேடி மெக்கீ’.

டிவியில் பழைய படம் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. ஐம்பதுகளின் நடுவில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் தங்கள் பழைய படங்களை மொத்தமாக டிவிக்குத் தள்ளிவிட்டன. வார்னர் பிரதர்ஸ் 1950-க்கு முந்தைய தன் படங்களின் உரிமையை 1956-ல் விற்றது. பெட்டியில் கிடந்த முகங்கள் திடீரென்று வீட்டு ஹாலில் தெரிய ஆரம்பித்தன, நடுநடுவே நாய்த் தீனி விளம்பரத்தோடு. ஹட்சன் சகோதரிகளின் சண்டை இருபத்தைந்து வருஷம் புகைந்துகொண்டிருந்து இப்போது ஏன் பற்றிக்கொள்கிறது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். பிளான்ச்சின் படங்களை டிவியில் பார்த்த ரசிகர்கள் பூவும் கடிதமும் அனுப்ப ஆரம்பிக்கிறார்கள். ஜேனுக்கு ஒரு வரி எழுத ஆளில்லை. அவள் அந்தக் கடிதங்களைப் பதுக்குகிறாள். இதற்கு மேல் இன்னொரு அடி: வீட்டை விற்பதாகப் பிளான்ச் ஃபோனில் பேசுவதை ஜேன் ஒட்டுக் கேட்டுவிடுகிறாள்.

இனி வீட்டுக்குள் போகலாம்.

லாஸ் ஏஞ்சலஸின் ஹான்காக் பார்க் பகுதியில் உள்ள ஒரு பழைய வீட்டின் முகப்பை வெளிக்காட்சிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். உள்புறம் முழுக்க செட். அந்த செட்டின் நடுநாயகம் கூடத்திலிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டு. அந்தக் கார் விபத்துக்குப் பிறகு நடக்க முடியாமல் மேலே சக்கர நாற்காலியில் பிளான்ச், கீழே ஜேன். சக்கர நாற்காலி படியிறங்காது. இந்த ஒரே உண்மை முழுப் படத்தையும் சுமக்கிறது. பிளான்ச் வெளியுலகத்தைத் தொட அவளுக்கு இருக்கும் வழிகளை எண்ணிப் பாருங்கள். மாடியில் ஒரு ஃபோன். ஜேனைக் கூப்பிட ஒரு பஸர். கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதற்குக் கீழே தோட்டத்தில் நடமாடும் பக்கத்து வீட்டுப் பெண்மணி. வாராவாரம் வரும் வேலைக்காரி எல்வைரா. அவ்வப்போது வரும் டாக்டர். திரைக்கதை இவற்றை ஒவ்வொன்றாக வெட்டுகிறது, அதுவும் அவசரப்படாமல். முதலில் ஃபோனைப் பிடுங்குகிறாள். ஜன்னல் வழியாகப் பிளான்ச் எறியும் சீட்டு ஜேன் கையிலேயே சிக்குகிறது. பஸர் அடித்தால் வருவது ஜேன்தான் என்பதால் அதுவே பயமாகிவிடுகிறது. எல்வைராவுக்கு வேலையில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். ஒவ்வொரு வழி அடைபடும்போதும் அடுத்தது என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பவர் மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. பேய், பிசாசு, இருட்டில் பாயும் உருவம் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமையானது சாப்பாட்டுத் தட்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பயத்தை எப்படித் தவணை முறையில் கொடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பிளான்ச் ஆசையாக வளர்த்த கிளி கூண்டைத் துடைக்கும்போது பறந்துபோய்விட்டது என்று ஜேன் சொல்கிறாள். அடுத்த வேளைச் சாப்பாடு மூடிபோட்ட தட்டில் வருகிறது. பிளான்ச் மூடியைத் தூக்குகிறாள். உள்ளே கிளி. இந்த அதிர்ச்சி ஒரு நொடி வேலை. பலவீனமான இயக்குநர் அடுத்து இதைவிடப் பெரிய அதிர்ச்சியைத் தேடி ஓடியிருப்பார். ஆல்ட்ரிச் அடுத்த தட்டை அனுப்புகிறார், மூடியோடு. பிளான்ச்சுக்குப் பசி. மூடியைத் திறக்கக் கை வரவில்லை. ஜேன் வந்து, சாப்பிடவில்லையா என்று கேட்டுவிட்டு, அந்தச் சாப்பாட்டைத் தானே எடுத்துத் தின்று காட்டுகிறாள். அதில் ஒன்றுமே இல்லை, நல்ல சாப்பாடு. பிளான்ச் வீணாகப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

இங்கேதான் பயம் ஜேனின் கையிலிருந்து பிளான்ச்சின் மனசுக்கு இடம் மாறுகிறது. இனி ஜேன் எதுவும் செய்யாவிட்டாலும் பிளான்ச் சாப்பிட முடியாது. வீட்டின் நிலவறையில் எலி இருக்கிறது என்று ஜேன் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரியும் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஒரு தட்டு வருகிறது, மூடியைத் தூக்கினால் நிஜமாகவே எலி. பிளான்ச் அலறியபடி நாற்காலியை ஒரே இடத்தில் சுற்றுகிறாள். கேமரா உத்தரத்திலிருந்து நேர்கீழாகப் பார்க்கிறது. அந்த உயரத்திலிருந்து அவள் அறை எவ்வளவு சின்னது, அவள் சுற்றக்கூடிய வட்டம் எவ்வளவு குறுகியது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. கிளி, நல்ல சாப்பாடு, எலி. நடுவில் வந்த அந்த நல்ல சாப்பாடு இல்லாவிட்டால் எலி வெறும் இரண்டாவது கிளியாகியிருக்கும்.

படிக்கட்டுக் காட்சியும் இதே பொறுமையோடு கட்டப்பட்டது. பசி தாங்காமல் பிளான்ச் ஜேனின் அறைக்குப் போய்த் துழாவுகிறாள். சாக்லெட் கிடைக்கிறது, கூடவே தன் கையெழுத்தை ஜேன் எழுதி எழுதிப் பழகிய தாள்களும் கிடைக்கின்றன. ஜேன் காரில் வெளியே போயிருக்கிறாள். கூடத்தில் இன்னொரு ஃபோன் இருக்கிறது. பிளான்ச் நாற்காலியை விட்டு இறங்கி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி உடம்பை ஒவ்வொரு படியாக இறக்குகிறாள். இதை ஆல்ட்ரிச் சுருக்கவே இல்லை. கை நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறாள், மூச்சு வாங்குகிறாள். பெரும்பாலும் கைதான் நடிக்கிறது. கிராஃபோர்டின் மௌனப் படக் காலப் பயிற்சி இங்கே கைகொடுக்கிறது. வசனம் இல்லாமல் தோளும் விரல்களும் களைப்பைச் சொல்லிவிடுகின்றன. அவள் டாக்டரை ஃபோனில் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜேன் வாசலில் வந்து நிற்கிறாள். அடுத்து நடப்பது உதை. பிறகு ஜேன் டாக்டரைத் தானே கூப்பிட்டு, பிளான்ச்சின் குரலில் பேசி, வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். அந்த மிமிக்ரி டேவிஸின் குரல் அல்ல. அவர் வாயசைக்க, கேட்பது கிராஃபோர்டின் குரல்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. பிளான்ச் ஏன் வாய்விட்டுக் கத்தவில்லை? கிளி வந்த அன்றே கத்தியிருக்கலாமே? முதல் தடவை பார்க்கும்போது இது கதையின் ஓட்டை என்றுதான் தோன்றும். பலர் படத்தை இதற்காகவே குறை சொல்வதுண்டு. இரண்டாம் தடவை பார்க்கும்போது ஓட்டை அடைபட்டுவிடுகிறது. அந்த விபத்தில் காரை ஓட்டியவள் பிளான்ச். விருந்தில் ஜேன் தன்னைப் போலச் செய்துகாட்டிக் கேலி செய்ததில் வெறுத்துப்போய், கேட்டைத் திறக்கப் போன ஜேனை நசுக்கப் பார்த்தாள். ஜேன் விலகிக்கொண்டாள். கார் கேட்டில் மோதிப் பிளான்ச்சின் முதுகெலும்பு உடைந்தது. உடைந்த உடம்போடு அவள் காரிலிருந்து வெளியே ஊர்ந்து வந்து கேட்டருகே கிடந்தாள். ஜேன் அன்று குடித்திருந்த குடியில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. ஊர் சொன்னதை அவளும் நம்பினாள், இருபத்தைந்து வருஷமாகக் குற்றவாளியாக வாழ்ந்தாள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பிளான்ச்சின் ஒவ்வொரு தயக்கமும் வேறு மாதிரி அர்த்தமாகிறது. போலீஸையோ அக்கம்பக்கத்தையோ உள்ளே விட்டால் ஜேனோடு சேர்ந்து அந்தப் பழைய இரவும் கிளறப்படும். ஜேனுக்கு வைத்தியம் வேண்டும் என்று எல்வைரா திரும்பத் திரும்பச் சொல்லியும் பிளான்ச் நழுவுவதற்குக் காரணம் வெறும் பாசம் மட்டும் அல்ல. படத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வாக்குவாதமும் இப்படித்தான் திரும்பிக்கொள்கிறது. நான் இந்த நாற்காலியில் இல்லையென்றால் உன்னால் என்னை இப்படியெல்லாம் செய்ய முடியாது என்கிறாள் பிளான்ச். “ஆனா இருக்கியே பிளான்ச், அந்த நாற்காலியிலதானே இருக்கே!” என்று ஜேன் திருப்பிக் கொடுக்கிறாள். முதல் தடவை அது ஜேனின் குரூரம். இரண்டாம் தடவை, அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தது யார் என்பது பிளான்ச்சுக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்போடு கேட்கிறோம்.

ஜேனின் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மேக்கப் பெட்டி டேவிஸே தீர்மானித்தது. ஜேன் மாதிரிப் பெண் முகத்தைக் கழுவவே மாட்டாள், நேற்றைய பூச்சின் மேலேயே இன்றைய பூச்சை அப்புவாள் என்பது அவருடைய கணிப்பு. அதனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்த முகம், சுருக்கங்களில் திப்பித் திப்பியாய்த் தேங்கிய பவுடர், கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, கன்னத்தில் இதய வடிவில் ஒரு மச்சம், சிறுமிக்குரிய சுருள்முடி. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அந்த வெள்ளை பளீரென்று தெறிக்கிறது. கலரில் எடுத்திருந்தால் பூச்சின் நிறமும் உதட்டுச் சாயமும் கோமாளித்தனமாகத் தெரிந்திருக்கும் அபாயம் இருந்தது. கிராஃபோர்டு பக்கத்தில் இதற்கு நேர் எதிர்: பெரும்பாலும் மேக்கப்பே தெரியாத, வாரி முடித்த நரைத்த தலை.

ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலரைத் தேர்ந்தெடுத்தது அபாரமான முடிவு. டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த ‘டேஞ்சரஸ்’, ‘ஜெசபெல்’ இரண்டையும் ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். கிராஃபோர்டுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ படமும் அவருடையதே. அந்த இரண்டு முகங்களையும் எந்தக் கோணத்தில், எவ்வளவு மென்மையான வெளிச்சத்தில் அழகாக்கலாம் என்று தெரிந்த ஒருவர், அதே அறிவை வைத்து அவற்றை நேர்வெளிச்சத்தில், கீழிருந்து, சலுகையே இல்லாமல் காட்டினார். கண்ணாடிக்கு முன்னால் ஜேன் தன் பழைய பாட்டைப் பாடி ஆடிக்கொண்டே வந்து, வெளிச்சத்துக்குள் நுழைந்து தன் முகத்தைத் தானே பார்த்து அலறும் காட்சியில் இதன் பலன் முழுசாகத் தெரியும். அவளைப் பயமுறுத்துவது அங்கே வேறு யாருமில்லை.

தயாரிப்பு விவரங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹென்றி ஃபேரெல் 1960-ல் எழுதிய நாவலுக்கு லூகாஸ் ஹெல்லர் திரைக்கதை எழுதினார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு நடிகைகளை நம்பிப் பணம் போட ஸ்டூடியோக்கள் தயங்கின. கடைசியில் செவன் ஆர்ட்ஸ் நிறுவனம் முன்வந்தது, வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. செலவு சுமார் பத்து லட்சம் டாலர், அந்நாள் ஹாலிவுட்டில் சின்னத் தொகை. 1962 ஜூலை கடைசியில் தொடங்கிய படப்பிடிப்பு செப்டம்பரில் முடிந்தது, அக்டோபர் 31-ல் படம் ரிலீஸ். நடுவில், செப்டம்பரில், டேவிஸ் ஒரு சினிமாத் தொழில் பத்திரிகையில் ‘வேலை தேவை’ என்று தன் பெயரில் விளம்பரமே கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் தாய், முப்பது வருஷ அனுபவம், ஹாலிவுட்டில் நிலையான வேலை வேண்டும் என்று. வேடிக்கைக்குச் செய்தது என்று பலர் எடுத்துக்கொண்டாலும் அந்த வயது நடிகைகளுக்கு அப்போது இருந்த நிலைமையை அந்த விளம்பரம் உள்ளபடி சொன்னது. படம் ரிலீஸாகிப் போட்ட பணத்தைச் சீக்கிரமே மீட்டது, பல மடங்கு வசூலித்தது.

ஆஸ்கருக்கு ஐந்து பரிந்துரைகள்: டேவிஸுக்குச் சிறந்த நடிகை, பியானோக்காரன் எட்வின் ஃப்ளாகாக வரும் விக்டர் புவோனோவுக்குத் துணை நடிகர், ஒளிப்பதிவு, ஒலி, உடை. கிடைத்தது உடையமைப்புக்காக நார்மா காக்குக்கு மட்டும். கிராஃபோர்டுக்குப் பரிந்துரையே இல்லை. விழாவுக்கு வர முடியாத மற்றப் போட்டியாளர்களைத் தொடர்புகொண்டு, ஜெயித்தால் உங்கள் சார்பில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவைத்தார். 1963 ஏப்ரலில் விருது ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ படத்துக்காக ஆன் பான்க்ராஃப்டுக்குப் போனது. பான்க்ராஃப்ட் நியூயார்க் நாடக மேடையில் இருந்தார். மேடையேறிச் சிலையை வாங்கியவர் கிராஃபோர்டு. டேவிஸ் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பகைக் கதைகளில் ஊர் அறியச் சாட்சியுள்ளது இதுதான். இதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

ஆனால் பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாத ஒருவர் எல்வைராவாக நடித்த மெய்டி நார்மன். கறுப்பினத்தவரை வேலைக்காரர்களாக மட்டுமே காட்டிய காலத்துப் படம் இது. எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம் அடிமைக் காலத்துப் பேச்சு வழக்கில் இருந்தது. நார்மன் அதை மாற்றித் தானே திருத்தி எழுதிக்கொண்டார். அதனால்தான் எல்வைரா நிமிர்ந்து பேசுகிறாள். ஜேனின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் ஒரே ஆள் படத்தில் அவள்தான். போகச் சொன்ன பிறகும் போகாமல், ஜேன் கிளம்பும்வரை காத்திருந்து திரும்பி வருகிறாள். பூட்டிய கதவைப் பெயர்க்கச் சுத்தியல் எடுத்து வருகிறாள். ஜேன் வந்துவிட்ட பிறகும் பின்வாங்காமல் சாவியைக் கேட்டு வாங்குகிறாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து, கைகள் மேலே கட்டப்பட்டு வாய் அடைக்கப்பட்ட பிளான்ச்சைப் பார்க்கிறாள். அவள் கொண்டுவந்த சுத்தியலே அவள் தலையில் இறங்குகிறது. துணிச்சலும் அறிவும் உள்ள ஒரே பாத்திரத்தைப் படம் பலி கொடுக்கிறது என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகுதான், இனி யாரும் வர மாட்டார்கள் என்பது நமக்கு உறைக்கிறது.

தொய்வு இல்லாமலில்லை. இரண்டேகால் மணி நேரப் படத்தில் எட்வினும் அவன் அம்மாவும் வரும் பகுதி நீளம். ஜேன் தன் பழைய மேடை நிகழ்ச்சியை மறுபடி நடத்தப்போவதாக நம்பி, விளம்பரம் கொடுத்துப் பிடிக்கும் வாத்தியக்காரன் அவன். வயது போன பெண் சின்னக் குழந்தைக் குரலில் அப்பாப் பாட்டைப் பாட, அவன் பணத்துக்காகப் பாராட்டும் காட்சி ஒன்று போதும். மற்றதில் பாதியைக் குறைத்திருக்கலாம். இசையமைப்பாளர் ஃபிராங்க் டெ வோல் அந்தப் பாட்டின் மெட்டை மற்ற இடங்களிலும் நுழைத்திருப்பதால் அது காதைவிட்டுப் போகாமல் தொல்லை செய்கிறது. அதுதான் அவர் நோக்கமும்.

கடைசிக் காட்சி கடற்கரை. இதுவரை திரைச்சீலையும் கம்பியும் நிழலுமாக இருந்த படம் திடீரென்று பட்டப்பகல் வெயிலுக்கு வருகிறது. சுற்றிலும் ஜனக்கூட்டம், பந்து விளையாடும் இளைஞர்கள், ரேடியோவில் துள்ளல் இசை. பசியிலும் தாகத்திலும் உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தி மணலில் கிடக்கிறாள், பத்தடியில் நடப்பவர்களுக்குத் தெரியவில்லை. பூட்டிய அறையில் அவளை யாரும் காப்பாற்ற முடியவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே திறந்த வெளியில், இத்தனை பேர் நடுவில் அதுவே நடப்பது அதைவிடத் தாங்க முடியாதது. பிளான்ச் அந்த விபத்தின் உண்மையைச் சொல்கிறாள். ஜேனின் முகத்தில் ஹாலர் இதுவரை போடாத மென்மையான வெளிச்சம் விழுகிறது. “அப்படின்னா இத்தனை காலமும் நாம ரெண்டு பேரும் சிநேகமா இருந்திருக்கலாமா?” என்று கேட்கிறாள். டேவிஸ் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வியப்பாகச் சொல்கிறார்.

பிறகு ஜேன் ஐஸ்கிரீம் வாங்கப் போகிறாள். இரண்டு. 1917-ல் தனக்கு மட்டும் கேட்டு அடம் பிடித்தவள் இப்போது சகோதரிக்கும் சேர்த்து வாங்குகிறாள். கையில் இரண்டு கோனோடு திரும்பும்போது போலீஸ்காரர்கள் எதிரே வந்து பிளான்ச் எங்கே என்று கேட்கிறார்கள், கூட்டம் சூழ்கிறது. தன்னைச் சுற்றி ஜனங்கள் நிற்பதைக் கண்டதும் அவள் ஆட ஆரம்பிக்கிறாள். போலீஸார் மணலில் கிடப்பவளை நோக்கி ஓடுகிறார்கள். பிளான்ச் பிழைத்தாளா என்பதைப் படம் சொல்வதில்லை.

இதன் வெற்றிக்குப் பிறகு ஒரு வரிசையே கிளம்பியது. வயதான நட்சத்திரத்தைக் கொண்டுவா, கையில் ஆயுதத்தைக் கொடு, பைத்தியமாக்கு. கிராஃபோர்டு 1964-ல் வில்லியம் காசிலின் ‘ஸ்ட்ரெயிட்-ஜாக்கெட்’ படத்தில் கோடாலி பிடித்தார். டேவிஸ் 1965-ல் ‘தி நானி’யில் நடித்தார். ஆல்ட்ரிச் இருவரையும் மறுபடி சேர்க்க நினைத்த ‘ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்’ (1964) பாதியில் சிக்கியது. கிராஃபோர்டு உடல்நிலை சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர, அவர் இடத்துக்கு ஒலிவியா டி ஹாவிலண்ட் வந்தார். ‘பேபி ஜேன்’ படமே 1991-ல் வனெஸ்ஸா ரெட்கிரேவ், லின் ரெட்கிரேவ் என்ற நிஜச் சகோதரிகளை வைத்துத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுக்கப்பட்டது. 1962-ன் மூலப்படத்தை அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேடு 2021-ல் பாதுகாக்க வேண்டிய படங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அந்த வரிசையில் ‘தி நானி’யும் ‘சார்லட்’டும் தனியே நிற்கக்கூடிய நல்ல படங்கள். மற்ற பலவற்றில் மேக்கப்பும் கூச்சலும் ஆயுதமும் இருந்தன, பாதிக்கப்பட்டவள் பக்கத்தில் ஒரு குற்றம் இல்லை. யார் கெட்டவள் என்பது முதல் ரீலிலேயே முடிவாகிவிட்டால் மிச்ச நேரம் அவள் என்ன செய்வாள் என்று மட்டும்தான் பார்க்க முடியும். ‘பேபி ஜேன்’ பார்த்து முடித்தவர் டைட்டிலுக்கு முந்தைய அந்த கேட் காட்சிக்குத் திரும்பிப் போய், பெடலை மிதிக்கும் காலை மறுபடி போட்டுப் பார்க்கிறார்.